மரபணுவிலேயே பழுது என்றால் மூளையில் கம்பி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 41. 33 வயதில் பார்க்கின்சன் நோய் வந்தது. மாத்திரை வேலை செய்யும்போது உடம்பு தானாக நெளிகிறது. அதன் வேகம் இறங்கியதும் கட்டைபோல் விறைத்துவிடுகிறது. பரிசோதனையில் பார்க்கின் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் திரிபு இருப்பதாக வந்திருக்கிறது. டிபிஎஸ், அதாவது மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்துடிப்பு தரும் அறுவை சிகிச்சை, செய்யலாம் என்கிறார் டாக்டர். மரபணுவே பழுதானபின் கம்பி வைத்து என்ன பயன்? என் மகளுக்கும் இது வருமா?

பதில்: கம்பி மரபணுவைச் சரிசெய்யாது, நோய் வளர்வதையும் நிறுத்தாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசைவுகளுக்கு வேண்டிய டோபமைன் என்னும் மூளை ரசாயனம் குறைவதால் மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் என்னும் சிறு பகுதி தாறுமாறாக இயங்குகிறது. நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கும் கருவி நொடிக்குச் சுமார் 130 மின்துடிப்புகளைக் கம்பி வழியாக அங்கே அனுப்பி அதை அடக்குகிறது. டோபமைன் எதனால் குறைந்திருந்தாலும் அங்கே நடப்பது இதுதான். இளவயதில் நோய் வந்து டிபிஎஸ் செய்துகொண்டவர்களின் மரபணுவைப் பார்த்தபோது, பார்க்கின் திரிபு உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே பலன் பெற்றிருந்தார்கள்.

அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து நீங்கள் இடிந்துபோயிருப்பீர்கள். எனக்கு அதில் ஆறுதல்தான் தெரிகிறது. பார்க்கின் வகை மெதுவாக நகரும், ஞாபகசக்தியைப் பெரும்பாலும் தொடாது. ஜிபிஏ1 என்ற வேறொரு மரபணுவில் திரிபு என்று வந்திருந்தால் யோசித்திருப்பேன். அந்த வகையில் சிந்தனைத் திறன் சீக்கிரம் தளரக்கூடும்.

மரபணுவைவிட முக்கியம் லெவோடோபா சோதனை. லெவோடோபா என்பது உடலில் டோபமைனாக மாறும் பார்க்கின்சன் மருந்து. இரவு முழுக்க மருந்தை நிறுத்தி, காலையில் உங்கள் அசைவுகளுக்கு மதிப்பெண் போடுவார்கள். பிறகு மருந்து கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். 30 சதவீதமாவது முன்னேற்றம் வேண்டும். நடுக்கம் தவிர, மாத்திரைக்கு அசையாத தொல்லை கம்பிக்கும் பெரும்பாலும் அசையாது. அறுவைக்குப் பின் மாத்திரையைக் குறைக்க முடிவதால் நெளிவும் குறையும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம், கிருமித்தொற்றும் வரலாம். அப்புறம், பொறுமை வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் மூன்றாம் வாரத்தில் “எல்லாம் வீணாப்போச்சு டாக்டர்” என்று அழுதார். மின்னளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, ஐந்தாம் மாதம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மகளுக்கு உங்களிடமிருந்து ஒரு பழுதான பிரதி போயிருக்கும். அது மட்டும் இருந்தால் பொதுவாக இந்த நோய் வராது, இரண்டும் பழுதாக வேண்டும். கணவர் உங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்றால் அவரிடமும் இதே திரிபு இருக்கலாம், அவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். குழந்தையை இப்போது மரபணுப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டாம்.