கட்டிலை விட்டு இறங்காத துப்பறிவாளர்

வணக்கம்.

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு ஜோசஃபின் டேயின் ‘த டாட்டர் ஆஃப் டைம்’ நாவலைப் படித்தேன். முடித்த அன்று, இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட் நிரபராதி என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலே வராத கோர்ட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கிறது. என் அப்பாவோ பாதியிலேயே மூடிவைத்துவிட்டு, “இதுல துப்பறியறவன் கட்டிலை விட்டே இறங்கலையேம்மா” என்கிறார். இதைத் துப்பறியும் நாவல் என்று சொல்லலாமா? இதன் தீர்ப்பை நம்பலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

அப்பாவிடம் சொல்லுங்கள், துரத்தல் உண்டு. நாவல் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். குற்றவாளியைத் துரத்திப் போன ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட், தரைக்கதவு ஒன்றின் வழியே விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார். முதல் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையின் விரிசல்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். பொழுது போக ஒரு நடிகைத் தோழி பழைய ஓவியங்களின் பிரதிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதில் ஒரு முகம் கிராண்டைப் பிடித்துக்கொள்கிறது. நீதிபதியாக இருக்கலாம், அல்சர் வரக்கூடிய ஆள் என்றெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பினால், மூன்றாம் ரிச்சர்ட். 1483இல் அண்ணன் பிள்ளைகள் இருவரையும், 12 வயதும் 9 வயதுமான பையன்களை, லண்டன் டவரில் வைத்துக் கொன்றதாக இங்கிலாந்தே நம்பும் ராஜா.

கிடப்பில் போன வழக்குக்குக் கிடையில் விழுந்த அதிகாரி. இதை வெறும் வேடிக்கைக்காக டே செய்யவில்லை. சாட்சிகள் செத்து 400 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் நன்றாக இருந்தாலும் எங்கே ஓடுவது? மிச்சமிருப்பது காகிதம். அதை எழுதியது யார், அப்போது அவர் எங்கே இருந்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று கேட்பது மட்டும்தான் வேலை. எந்த ஸ்டேஷனிலும் ஒரு நல்ல ரைட்டர் செய்கிற வேலைதான். எனக்கு மிகப் பிடித்த இடம், தாமஸ் மோர் மாட்டிக்கொள்வது. ரிச்சர்டை அரக்கனாக்கிய வரலாறு அவர் எழுதியது. துறவி போன்ற மனிதர், பொய் சொல்ல மாட்டார் என்று எல்லோருக்கும் மரியாதை. கிராண்ட் வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்: ரிச்சர்ட் முடிசூடியபோது மோருக்கு ஐந்து வயது. பிறகு வளர்ந்ததோ, ரிச்சர்டின் பரம எதிரியான பிஷப் மார்ட்டன் வீட்டில். அப்புறம் என்ன, கேள்விப்பட்ட கதைதானே! அந்த ஒரு கழித்தல் கணக்கு எனக்கு ஒரு துப்பாக்கிச் சண்டைக்குச் சமம். 1990இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் இதற்கு முதலிடம் கொடுத்தபோது நான் ஆச்சரியப்படவில்லை.

சரி, உங்கள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வருவோம். அவரை ஆசிரியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார் என்பது உண்மைதான். கிராண்டை இந்த வழக்குக்குள் இழுத்தது ஒரு முகம். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் அந்த ஓவியம், ரிச்சர்ட் செத்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து யாரோ எடுத்த நகல். வரைந்தவர் அவரைக் கண்ணால் பார்த்திருக்க வழியே இல்லை. மோரைக் கேள்விச் சாட்சி என்று தள்ளுகிற போலீஸ்காரர், கேள்விச் சாட்சியான ஒரு படத்தை நம்புகிறார்! அதே படத்தைப் பார்த்து ஒரு நர்ஸ் ஈரல் கோளாறு என்கிறார், சர்ஜன் போலியோ என்கிறார். முகம் பார்த்துச் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்று நாவலே சொல்லிவிடுகிறது. கிராண்ட் காதில்தான் விழவில்லை.

இன்னொன்று கொஞ்சம் மோசம். ரிச்சர்டை வீழ்த்தி ஏழாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் 1485 பார்லிமென்டில் ரிச்சர்டைத் துரோகி என்று அறிவித்த சட்டத்தில் பையன்கள் கொலை பற்றிப் பேச்சே இல்லை என்பது நாவலின் பெரிய துருப்புச்சீட்டு. உண்மையில் அந்தச் சட்டத்தில் ‘குழந்தைகளின் ரத்தம் சிந்தியது’ என்று ஒரு வரி இருக்கிறது. பெயர் இல்லை, விவரம் இல்லை. ஆனால் இருக்கிறது. நாவலில் வரும் டோனிபேண்டி விஷயமும் இப்படித்தான். 1910இல் அந்த வேல்ஸ் ஊரில் ராணுவம் சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டது என்பது கட்டுக்கதை, யாருக்கோ மூக்கில் ரத்தம் வந்தது, அவ்வளவே என்கிறார் கிராண்ட். சுடவில்லை, சரி. ஆனால் போலீசோடு நடந்த மோதலில் ஒரு தொழிலாளி மண்டையில் அடிபட்டுச் செத்தார். கட்டுக்கதைக்கு உதாரணம் காட்டப் போய் அவரே ஒன்றைக் கட்டிவிட்டார்.

2012இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது, மோர் எழுதின கதையில் வரும் சூம்பின கை இல்லை. ரிச்சர்டை ஏசியவர்களும் ஆதரித்தவர்களும் ஆளுக்குப் பாதி ஜெயித்தார்கள். பையன்களைப் பற்றி அந்த எலும்பு என்ன சொல்லும்?

ஆகவே, தீர்ப்பாக நம்ப வேண்டாம். ஆனால் அப்பாவைக் கடைசிப் பகுதியையாவது படிக்கச் சொல்லுங்கள். கிராண்டுக்காக நூலகத்தில் குறிப்பெடுத்துத் தருகிற அமெரிக்கப் பையன் கேராடைன், வழக்கை முடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தவன், ஒருநாள் முகம் தொங்க வந்து நிற்பான். ரிச்சர்ட் நிரபராதி என்று 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆட்கள் எழுதிவிட்டார்களாம். நூற்றாண்டுக்கு ஒருவர் வந்து விடுதலை செய்கிறார், ஊர் கேட்பதில்லை.

நான் இதை மூன்று முறை படித்துவிட்டேன். மேலே சொன்ன ஓட்டைகள் எல்லாம் தெரிந்த பிறகும், கடைசிப் பக்கத்தில் ரிச்சர்ட் பக்கம்தான் நிற்கிறேன். எனக்கும் தெளிய இரண்டு நாள் ஆகிறது.