டயர் அகலம் கூடினால் எங்கே இடிக்கும்? சைக்கிள் கேள்வி பதில்

அண்ணாச்சி, என் சைக்கிள்ல 700x25 டயர் கிடக்கு. 32 மாட்டினா அகலம் மட்டும்தானே கூடும்? (பாளையங்கோட்டை)

உயரமும் கூடும் தம்பி. டயர் உருண்டைக் குழாய்தானே, அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உயரம். 700 என்று போட்டிருந்தாலும் ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் 622 மி.மீ. அதோடு 25-ஐ இரண்டு தடவை கூட்டினால் 672. 32 என்றால் 686. இப்போது கவனி: ஏழு மி.மீ. அகலம் கூடும்போது பக்கத்துக்கு மூன்றரைதான் போகும், தலைப்பக்கமோ முழு ஏழும் போய்விடும். எல்லாரும் செயின் பக்கத்துக் குழாயையே குனிந்து பார்ப்பார்கள். ஒல்லி டயர் வண்டியில் முதலில் இடிப்பது பெரும்பாலும் பிரேக்குக்கு அடியில்தான். அங்கே அளந்துவிட்டு டயர் வாங்கு.

டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்? (சங்கரன்கோவில்)

தார் ரோட்டுக்கு நாலு மி.மீ. போதும் என்பார்கள். எனக்குக் குறைந்தது ஆறு வேண்டும், 6 எம்.எம். ஆலன் கீ சுற்றிலும் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு போக்ஸ் கம்பி அறுந்தாலே சக்கரம் ஆட ஆரம்பித்துவிடும். அதுவும் உங்கள் பக்கம் கரிசல்! மழை பெய்த மறுநாள் காட்டுப் பாதையில் இறங்கினால் ஆறும் பத்தாது. மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். அந்த மாதங்களில் மட்கார்டைக் கழற்றிவிடுவதே மேல்.

ஒரே 32 டயர், என் வண்டியில 32, கூட்டாளி வண்டியில 34 காட்டுது. ஏன்? (அம்பாசமுத்திரம்)

ரிம். உள் அகலம் கூடினால் டயரும் விரியும். காற்றடித்து ஒரு நாள் விட்டு அளந்தால்தான் சரியான கணக்கு.

அப்பாவோட பழைய 28 இஞ்ச் சைக்கிளுக்கு 700 டயர் சேருமா? (வள்ளியூர்)

சேராது. டயர் பக்கவாட்டில் 40-635 என்று இருக்கும். அந்த 635-தான் ரிம் கணக்கு, 700-க்கு 622.

தேரி மணலுக்கு 26x1.95-ஐ எடுத்துட்டு 2.4 போடலாமா? (திசையன்விளை)

இந்த 1.95, 2.4 எல்லாம் இஞ்ச் கணக்கு. தலைப்பக்கம் 11 மி.மீ. ஏறும், பக்கத்துக்கு ஆறு. ஃபோர்க்கில் பெரும்பாலும் இடம் இருக்கும், பின்னால்தான் இழுபறி. முன்னால் 2.4, பின்னால் 2.1 என்று மாட்டிப் பாருங்கள். அப்புறம், மணலில் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.