37 லிட்டர் டேங்கில் 39 லிட்டர் எப்படிப் போகும்?

பெங்களூரில் 20 வருடமாக ஒர்க்ஷாப்பில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி பற்றிக் கேளுங்கள் என்று நம் ஆட்களிடம் சொன்னதும் வந்த கேள்விகள் இவை.

அல்சூரிலிருந்து: அண்ணா, என் ஸ்விஃப்ட்டுக்கு 37 லிட்டர் டேங்க்தான். நேற்று பங்க்கில் 39 லிட்டர் பிடித்ததாகக் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் ஆவிக்கும் டேங்கின் மேல்பக்கம் கொஞ்சம் காலி இடம் விட்டுத்தான் 37 என்று போடுகிறார்கள், அதோடு மூடியிலிருந்து இறங்கும் குழாயிலும் கொஞ்சம் நிற்கும். வண்டி கிட்டத்தட்ட வற்றியிருந்து, 'டக்'கென்று பம்ப் தானாக நின்று ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாகப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் 39 போகும். ஆனால் இனி அப்படிப் போடச் சொல்லாதீர்கள். ஆவியைப் பிடித்து வைக்க கரி நிரப்பிய கேனிஸ்டர் என்று ஒரு டப்பா இருக்கிறது. வழிகிற பெட்ரோல் அதற்குள் போய்விடும். போன மாதம் ஒன்றைக் கழற்றினேன், நனைந்த செங்கல் மாதிரி கனத்தது, சாய்த்தால் பெட்ரோல் சொட்டியது. ஃபுல் டேங்க் போட்டதும் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுகிறது என்றுதான் அந்த வண்டி வந்தது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பங்க்கில் 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், எல்லா பங்க்கிலும் அது இருந்தாக வேண்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: வேகன்ஆர் 1 லிட்டர் மேனுவல். கம்பெனி லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர் என்கிறது, எனக்கு 11 தாண்டவில்லை. வண்டியில் கோளாறா?

முதலில் டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷனைச் சந்தேகப்படுங்கள். கம்பெனி கணக்கு லேபில் ரோலர் மேல் ஓட்டி எடுப்பது, ஏசி கிடையாது, சிக்னலில் மாட்டுவதும் கிடையாது. நீங்கள் 10 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் எடுத்து, அதில் அரை மணி ஏசியோடு நின்றால், நின்றதற்கே சுமார் 400 மில்லி போயிருக்கும். ஓடியதற்கு அரை லிட்டர். கூட்டினால் உங்கள் 11 வந்துவிடுகிறது. இந்த ஊரில் கிலோமீட்டர் குடிக்கிற பெட்ரோலை கிட்டத்தட்ட நேரமும் குடித்துவிடுகிறது. முதல் கட் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, கிருஷ்ணகிரி வரை 80-ல் போய் வாருங்கள். திரும்பி வந்து அதே பங்க்கில் முதல் கட் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 18-க்குக் கீழே வந்தால் டயர் காற்று, பிரேக் விடாமல் உரசுகிறதா என்பது, ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்க்கலாம். டேஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ராமமூர்த்தி நகரிலிருந்து: ஆறு பேர், வருடத்தில் மூன்று தடவை திருநெல்வேலி. எர்டிகா பெட்ரோலா சிஎன்ஜியா?

பெட்ரோல் எடுங்கள் அம்மா. சிஎன்ஜி சிலிண்டருக்கு 60 லிட்டர் என்று சொல்வது அதில் கொள்ளும் தண்ணீர் அளவு. கேஸ் எட்டு, ஒன்பது கிலோதான் பிடிக்கும். கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னாலும் ஆறு பேரும் சாமானும் ஏறினால் 200 கிலோமீட்டருக்குள் அடுத்த சிஎன்ஜி பங்க்கைத் தேட வேண்டிவரும். அதைவிடப் பெரிய விஷயம், சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிடும், பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்? தினமும் ஊருக்குள் நிறைய ஓடுகிறவர்களுக்கு சிஎன்ஜி நல்லது, உங்களுக்கு 45 லிட்டர் பெட்ரோல் டேங்க் போதும்.

சிவாஜி நகரிலிருந்து: ஈ20 பெட்ரோலால் மைலேஜ் குறையுமா?

குறையும். ஈ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி போய்விடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் கையேட்டில் ஈ20 ஏற்கும் என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸில் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: ரிசர்வ் லைட் எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள் சார். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கி இருக்கிறது, அதைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். வற்ற வற்ற ஓட்டினால் பம்ப் சூடாகித் தேயும். முள் கால்வாசிக்கு வரும்போதே பங்க்குக்குள் திருப்பிவிடுங்கள்.