ஐ20 என் லைனா, ஆல்ட்ராஸ் ரேசரா: டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது?

ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), டாடா ஆல்ட்ராஸ் ரேசர் கார்கள் இரண்டுமே 3 சிலிண்டர் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பெட்ரோல், இரண்டுக்கும் 120 பிஎஸ் (குதிரைத்திறன்). டார்க் (முறுக்குவிசை) முறையே 172, 170 நியூட்டன் மீட்டர். எண்களை வைத்து முடிவெடுக்க வழியில்லை, ஓட்டித்தான் பார்க்கணும்.

ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையோடு திரும்பிவிடாதீர்கள். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் உருளவிட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். டர்போ விழித்துக்கொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துவிடும். லாரியை முந்தும்போது உதவுவது அதுதான், 0-100 கி.மீ. வேகத்தை எட்டும் கணக்கு அல்ல. பிறகு வேகத்தடை, குண்டும் குழியுமான தெரு. சாதாரண ஐ20-ஐவிட என் லைனின் சஸ்பென்ஷன் இறுக்கம். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள், உண்மை வெளியே வரும்! நெரிசலிலும் கொஞ்சம் ஓட்டுங்கள்: ரேசரில் மேனுவல் மட்டும்தான், என் லைனில் 7 கியர் டிசிடியும் (கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக்) உண்டு.

என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ரேசரில் பின்னால் டிரம். மோதல் சோதனையில் நிலைமை தலைகீழ்: கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020-ல் ஆல்ட்ராஸுக்கு 5 நட்சத்திரம் தந்தது, 2022-ல் ஐ20-க்கு 3. (இரண்டிலும் சோதித்தது 2 ஏர்பேக் மாடலை.)

குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் என் ஓட்டு ரேசருக்கு. தனியாக மலைப்பாதை வளைவுகளை ரசிப்பவர் என்றால் என் லைன்.