சம்பளம் இறங்கிவிட்டது, வீட்டுக் கணக்கு இன்னும் இறங்கவில்லை

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 49 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஒரு தளவாட நிறுவனத்தில் மேற்பார்வையாளராக 5,400 வெள்ளி வாங்கினேன். சென்ற ஆண்டு ஏப்ரலில் ஆட்குறைப்பு. ஐந்து மாதம் வேலையில்லை. செப்டம்பரில் 3,600 வெள்ளிக்கு வேறு வேலை கிடைத்தது. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பதில் மாதம் 1,300 போல வருகிறது. வீட்டுக் கடன் மாதம் 930 வெள்ளி மசே நிதியிலிருந்து (மத்திய சேமநிதி) போகிறது, இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி. அதில் வீட்டுக்கு எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்கில் 14,000 இருக்கிறது. மற்ற மாதச் செலவு 4,850. அதில் மாயவரத்தில் இருக்கும் அம்மாவுக்கு 400, மகளின் ஓ-லெவல் தேர்வு டியூஷன் 480, சேமிப்புக் காப்புறுதி 320, நான்கு கைப்பேசிகளுக்கு 160. இழப்பீட்டில் மிச்சமும் சேமிப்பும் சேர்த்துக் கையில் 21,000. கோப்பிக்கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டு பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோகிறேன். 55 வயதில் கடனை முடிப்பது என் பழைய திட்டம். 21,000-ஐக் கடனில் கட்டிவிடலாமா? காப்புறுதியை முறிக்கலாமா? பழைய சம்பளம் திரும்பும்வரை சமாளித்தால் போதும்.

பதில்: முதலில் கோப்பிக்கடைக்குத் திரும்பப் போங்கள். அதில் மிஞ்சுவது மாதம் அறுபது எழுபது வெள்ளி. உங்கள் ஓட்டை அதைவிடப் பத்து மடங்கு பெரியது. வேலை போன மனிதர் நாலு பேரோடு உட்கார்ந்து பேசும் இடத்தை அதற்காக விட்டுவிட வேண்டாம். அடுத்த வேலையைப் பற்றிய தகவல்கூட அந்த மேசையில்தான் காதில் விழும்.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். 3,600-இல் உங்கள் 20 விழுக்காட்டு மசே நிதி போக 2,880 கைக்கு வருகிறது. மனைவியின் 1,300-ஐச் சேர்த்தால் 4,180. செலவு 4,850. மாதம் 670 வெள்ளி 21,000-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது. இந்த வேகத்தில் அது இரண்டரை ஆண்டு தாங்கும்.

இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் இல்லாத இன்னொரு ஓட்டை இருக்கிறது. வீட்டுக் கடன் மசே நிதியிலிருந்து போவதால் அது கண்ணில் படவில்லை. உங்கள் வயதில் சம்பளத்தில் 19 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போகிறது. 5,400-க்கு அது 1,026 வெள்ளி, தவணை போக மிச்சம் இருந்தது. 3,600-க்கு 684 வெள்ளிதான். தவணையோ 930. மாதம் 246 வெள்ளி அந்த 14,000-ஐக் கரைக்கிறது. 50 வயது தாண்டினால் இந்த 19 விழுக்காடு 15 ஆகும், குறையும் 4 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கும் போய்விடும். அப்போது சாதாரணக் கணக்கில் விழுவது 540, பற்றாக்குறை 390. மூன்று, மூன்றரை ஆண்டில் 14,000 காலி. அதற்குப் பிறகு மாதாமாதம் 390-ஐ ரொக்கமாக எடுத்து வைக்கவேண்டும்.

ஆக, கைப்பணம் தீர்ந்த ஓராண்டுக்குள் மசே நிதிப் பணமும் தீர்கிறது. மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனால், அது அவருடைய படிப்பு முடியும் சமயம்.

பழைய சம்பளம் வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால் வந்த மாதத்திலிருந்து கணக்கில் எழுதிக்கொள்வோம். 2009-இல் என் தரகு வருமானம் பாதியானபோது, அடுத்த காலாண்டில் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே காரை இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தேன். கடைசியில் விற்றுத்தான் ஆகவேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்துத் தவணை, சாலை வரி, நிறுத்தக் கட்டணம் எல்லாம் வீண்.

இனி, எதில் கைவைப்பது? டியூஷனில் வேண்டாம். இவ்வாண்டு இறுதியில் தேர்வு முடிந்ததும் அந்த 480 தானாக நின்றுவிடும். ஆனால் நின்ற பணம் டிசம்பரில் எங்கே போனதென்றே தெரியாமல் போகும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் இப்போதே இருவருமாகப் பேசி அதற்கு ஒரு பெயர் வையுங்கள். கைப்பேசிக்கு ஒப்பந்தம் முடிந்திருந்தால் சிம் மட்டும் வாங்கும் திட்டத்துக்கு மாறுங்கள். நான்கு எண்ணுக்கும் சேர்த்து நூறு வெள்ளியாவது குறையும்.

அம்மாவுக்கு அனுப்புவதுதான் சங்கடமான இடம். சொல்லாமல் கொள்ளாமல் குறைத்தால் ஊரில் வேறு கதை கிளம்பும். ஊரில் உடன்பிறந்தவர் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள். “சம்பளம் குறைஞ்சுபோச்சு, ஒரு வருஷத்துக்கு நீ கொஞ்சம் பார்த்துக்க” என்று சொல்லிவிட்டு 400-ஐ 250 ஆக்குங்கள். அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். சம்பளம் பாதியானதைத் தாயிடம் எட்டு மாதம் மறைத்து, கடன் அட்டையில் எடுத்து அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வட்டியை அடைக்க அவருக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

டியூஷன் 480, கைப்பேசி 100, அம்மா 150 சேர்ந்தால் 730. 670 ஓட்டை அடைபட்டு அறுபது வெள்ளி மிஞ்சும். ஆனால் பின்னால் வரும் 390-க்கு அது போதாது. அதற்குத்தான் காப்புறுதியைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

21,000-ஐக் கடனில் போடாதீர்கள். உங்களுடையது வீவக கடன் என்றால் வட்டி 2.6 விழுக்காடு. அதை அடைத்து மிச்சம் பிடிக்கும் வட்டி சொற்பம். சுவருக்குள் போன பணமோ வேலை போன மாதம் வெளியே வராது. மேலே சொன்னபடி செலவைக் குறைத்தால், 21,000 என்பது உங்கள் குடும்பத்துக்கு ஐந்து மாதச் செலவு. சென்ற ஆண்டு நீங்கள் வேலையில்லாமல் இருந்ததும் ஐந்து மாதம்தான், பார்த்தீர்களா? பாதியைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு மீதியை அரசாங்கத்தின் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதம் வேண்டுமானாலும் முதலுக்குச் சேதமில்லாமல் எடுக்கலாம். இன்னொன்று: 5,400 வாங்கியதால் சென்ற முறை உங்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் தொகை கிடைத்திருக்காது. அது சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத குடிமக்களுக்காக 2025 ஏப்ரலில் வந்த திட்டம். இப்போதைய சம்பளத்தில், ஒருவேளை மறுபடி ஆட்குறைப்பு என்றால், ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கேட்கலாம்.

55-இல் கடனை முடிக்கும் திட்டத்தை எடுத்துவிடுங்கள். 5,400 வெள்ளிக்காரர் போட்ட திட்டம் அது. கடன் அதன் போக்கில் 58 வரை ஓடட்டும். 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலைக்கு 69. கடன் முடிந்த பிறகும் சம்பாதிக்க ஆறு ஆண்டு இருக்கிறது, அந்த ஆறு ஆண்டும் தவணையில்லாமல். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குக் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை உங்கள் பெயரில் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடங்கு வேலையில் உங்களுக்கு இருக்கும் அனுபவத்துக்கு ஒரு சான்றிதழ் இருந்தால் அடுத்த நேர்காணலில் பேச ஒரு காகிதம் கையில் இருக்கும்.

இப்போது அந்த 320 வெள்ளி. ஆரம்ப ஆண்டுகளில் முறித்தால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பும். கட்டுவதை நிறுத்திவிட்டு, இதுவரை கட்டியதற்கு ஏற்ற குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடரவிடும் வசதி பல திட்டங்களில் உண்டு. நிறுவனத்துக்கு எழுதி இரண்டு எண்கள் கேளுங்கள்: இன்று முறித்தால் என்ன கிடைக்கும், இன்றோடு கட்டுவதை நிறுத்தினால் முதிர்வில் என்ன கிடைக்கும். முகவரிடம் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனைக் காப்புறுதியை மட்டும் இந்தச் சாக்கில் தொட்டுவிடாதீர்கள், 49 வயதில் திரும்பச் சேர்வது எளிதில்லை. இரண்டு எண்களும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை 320 போய்க்கொண்டிருக்கட்டும்.