தனி உலை வேண்டாம்

சர்க்கரை நோய், உணவு, உடல் எடை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நீரிழிவு மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து அளிக்கும் பதில்கள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மட்டும் வரகு, சப்பாத்தி என்று தனியாகச் சமைக்கிறேன். எடை குறையவே இல்லை. டீக்கடையில் வடை, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மறைக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் தனிச் சமையலை நிறுத்துங்கள், அம்மா. வீடே சோறும் வறுவலும் சாப்பிடும்போது தனக்கு மட்டும் வரகு என்றால், அது அவருக்குத் தண்டனையாகத்தான் படும். ஒளித்துத் தின்பது அங்கேதான் தொடங்குகிறது. தவிர, அரிசியை மாற்றினால் மாவுச்சத்து குறைந்துவிடாது. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. மூன்று சப்பாத்தி, ஏறக்குறைய 200 கிராம் சோற்றுக்குச் சமம். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல்தான். ஆனால் கஞ்சியாகக் குழைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்.

எல்லோருக்கும் ஒரே சமையல் இருக்கட்டும், தட்டில் பங்கு மாறட்டும். பாதித் தட்டு கீரை, கூட்டு, பொரியல். உருளையும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் வராது. கால் தட்டு பருப்பு, முட்டை, மீன் அல்லது சுண்டல். மிச்சக் காலில் சோறு, சுமார் 150 கிராம். ஒருமுறை தராசில் எடை பார்த்து, அந்த அளவு பிடிக்கும் கிண்ணத்தைச் சோற்றுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றுக்குப் பிறகு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும்.

எண்ணெயை மளிகைச் சீட்டிலேயே கட்டுப்படுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இருவருக்கு மாதம் ஒரு லிட்டர் போதும். வடையைப் பற்றி விசாரிக்காதீர்கள். அது மாலைப் பசி. காலையிலேயே ஒரு டப்பாவில் சுண்டல் கொடுத்தனுப்புங்கள். ஆறு மாதத்தில் 4 முதல் 6 கிலோ குறைந்தாலே சர்க்கரையில் நல்ல மாற்றம் தெரியும். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினசரி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் உடலில் உள்ள நீர்தான்.

ஒன்றை மறக்கவே கூடாது. கிளிமிபிரைடு உடலை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. அதை எடுப்பவர் சோற்றைச் சட்டென்று குறைத்தால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வரலாம். ஆகவே உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விடவே கூடாது. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கும் ஆபத்து உண்டு.

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது, சர்க்கரை இருக்கிறது. குறைவாகத்தான் சாப்பிடுவதாகச் சொல்கிறார். ஆனாலும் எடை ஏறுகிறது. நான் எப்படி உதவலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர் எப்போது, எதைச் சாப்பிடுகிறார் என்று கவனியுங்கள், ஐயா. பல வீடுகளில் பெண்கள் கடைசியாக உட்காரும்போது காய் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும்தான் மிஞ்சும். வீணாகக் கூடாதென்று பாத்திரத்தில் இருப்பதையும், பிள்ளைகள் தட்டில் வைத்ததையும் அவரே தின்று தீர்ப்பார். எந்தக் கணக்கிலும் வராத சோறு அதுதான். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், அவர் தட்டில் முதலில் காயை வையுங்கள். மிஞ்சியதை எடுத்து வைக்கும் வேலை உங்களுடையதாகட்டும்.

அடுத்தது காய் நறுக்குவது. இருவருக்கு இரு வேளைக்குப் பாதித் தட்டுக் காய் என்றால் தினமும் முக்கால் கிலோவுக்கு மேல் வாங்கி, ஆய்ந்து, நறுக்க வேண்டும். இந்த வேலைக்கு அஞ்சித்தான் பல வீடுகளில் பொரியல் இரண்டு கரண்டியாகச் சுருங்குகிறது. இதை நீங்கள் எடுத்துக்கொண்டால் எந்த அறிவுரையையும்விடப் பெரிய உதவி. இரவு சாப்பிட்டதும் இருவரும் 15 நிமிடம் நடங்கள். பாத்திரம் பிறகு கழுவலாம். அவர் விரதம் இருப்பவரானால், அன்றைய மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எடை குறைந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சிலருக்கு முடியும். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. சர்க்கரை வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்குக் கடுமையான எடைக்குறைப்புத் திட்டம் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையின்றியே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களிடம் இது 86 சதவீதம். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. எடை திரும்ப ஏறினால் சர்க்கரையும் திரும்பும். ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்த்து, மருத்துவர் சொல்லச் சொல்லக் குறையுங்கள்.