வாசகர் கேள்வி: ஹாங்காங் கைமாறியபோது குற்றவாளி ஒப்படைப்பு என்ன ஆனது?

1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போனபோது, பழைய குற்றவாளி ஒப்படைப்பு ஒப்பந்தங்களும் கூடவே போயிருக்குமே? புதுச் சட்டம் எதற்கு? – வாசகர், திருச்சி

போகாது. அவை ஹாங்காங்கின் ஒப்பந்தங்களே அல்ல, லண்டன் போட்டவை. இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகளுக்கு பிரிட்டனின் 1967-ம் ஆண்டுச் சட்டம், மற்ற நாடுகளுக்கு பிரிட்டனின் ஒப்பந்தங்கள். ஜூன் 30 நள்ளிரவோடு இரண்டுக்கும் ஆயுள் முடிந்தது. மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால், தப்பி வந்தவரை அடுத்த நாள் காவலில் வைக்கவே மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருந்திருக்காது.

அதனால் ஹாங்காங் தன் பெயரிலேயே பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும், கைமாற்றம் பற்றிப் பேச இரு அரசுகளும் அமைத்த பிரிட்டன்–சீனா கூட்டுத் தொடர்புக் குழுவின் சம்மதம் வேண்டும். தாமதத்துக்குப் பெரிய காரணம் இதுதான். முதலில் கையெழுத்திட்டது நெதர்லாந்து, 1992 நவம்பரில். 1993-ல் கனடா, ஆஸ்திரேலியா. 1995-ல் மலேசியா, பிலிப்பைன்ஸ்.

ஒப்பந்தம் மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்காது. உள்ளூர்ச் சட்டம் வேண்டும். 1997 ஏப்ரல் 25-ல் அமலுக்கு வந்த தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் (அத்தியாயம் 503) அந்த வேலையைச் செய்தது. அட்டவணையில் உள்ள 46 வகைக் குற்றங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் சிறை விதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அதே செயல் ஹாங்காங்கில் நடந்திருந்தாலும் குற்றமாக வேண்டும். அரசியல் குற்றத்துக்கு ஒப்படைப்பு இல்லை. சீனாவின் பிற பகுதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று விளக்கப் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். 2019-ல் அந்த வரியை எடுக்கப் போய்தான் ஊரே போராடத் தெருவில் இறங்கியது.

அமெரிக்காவுடன் இடைவெளி விழுந்தது என்கிறார்களே? – வாசகர், கோவை

விழுந்தது. கையெழுத்து 1996 டிசம்பர் 20. செனட்டின் சம்மதம் கிடைத்ததோ 1997 அக்டோபரில். நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரி 21. ஆறரை மாதத்துக்கு மேல் ஒப்பந்தமே கிடையாது.

இதற்கு முன்பே பாஸ்டனில் ஒரு வழக்கு. லஞ்ச வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு ஹாங்காங் தேடிய ஒருவர் 1995 டிசம்பரில் அங்கே கைதானார். "என் விசாரணை நடக்கும்போது அங்கே சீன ஆட்சிதான் இருக்கும், பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி என்னை அனுப்பலாமா?" என்பது அவர் வாதம். மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. 1997 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது: ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, நாளைய ஆட்சி எப்படி நடக்கும் என்று எடைபோடுவது நீதிபதியின் வேலை அல்ல. சட்டப்படி சரியான தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் ஆறுதல் இல்லை.

புதிய சட்டம் 'எக்ஸ்ட்ரடிஷன்' என்ற சொல்லைத் தவிர்ப்பது ஏன்? – வாசகர், சேலம்

அது இறையாண்மை உள்ள நாடுகளுக்கு இடையிலான சொல். ஹாங்காங் நாடு அல்ல, ஆகவே ஒப்படைப்பு என்று பொருள்படும் 'சரண்டர்'. நம் பத்திரிகைகள் இதையும், விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதையும் சேர்த்து 'நாடு கடத்தல்' என்றே எழுதுகின்றன, இரண்டும் வேறு.

இந்தியாவுடன்? – அதே வாசகர்

காமன்வெல்த் வழி அடைபடும் என்பதால் தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. கையெழுத்தானது 1997 ஜூன் 28, கொடி இறங்க இரண்டு நாள் இருக்கையில். இலங்கையின் ஒப்பந்தம் 1999-ல்தான் கையெழுத்தானது.